691 என்று வந்தால் மோடம் வாங்காதீர்கள்

கேள்வி: ஐயா, எங்கள் வீட்டில் உள்ளூர் கேபிள்காரர் கொடுத்த பைபர் நெட் இருக்கிறது. வைஃபை கிடையாது, மோடத்திலிருந்து ஒரே ஒயர், நேரே கம்ப்யூட்டருக்கு. விண்டோஸ் 11 போடுவதற்காகக் கடையில் கொடுத்தேன். பழைய மதர்போர்டில் ஏறாது என்று சொல்லி வேறு போர்டு மாற்றிக் கொடுத்தார்கள். அன்றிலிருந்து நெட் இல்லை. டைரியில் எழுதிவைத்திருந்த பெயரையும் பாஸ்வேர்டையும் போட்டு 'கனெக்ட்' கொடுத்தால் எரர் 691 என்று வருகிறது. கடைக்காரர், 'மோடம் போச்சு, புதுசு 3,500 ஆகும்' என்கிறார். கேபிள்காரர், 'எங்க லைன் சரியா இருக்கு, கம்ப்யூட்டரைப் பாருங்க' என்கிறார். ஓய்வுபெற்ற ஆசிரியனான எனக்கு இதெல்லாம் புரியவில்லை. மோடம் வாங்கிவிடலாமா?
— வாசகர், மன்னார்குடி

பதில்: வாங்க வேண்டாம். உங்கள் மோடம் நன்றாக வேலை செய்கிறது. அதற்குச் சாட்சி நீங்கள் எழுதியிருக்கும் அந்த 691தான்.

நீங்கள் கனெக்ட் கொடுத்ததும் உங்கள் பெயரும் பாஸ்வேர்டும் மோடம் வழியாக, பைபர் வழியாக, நெட் கொடுக்கும் நிறுவனத்தின் சர்வர் வரை போகின்றன. 'உள்ளே விட முடியாது' என்று அந்த சர்வர் திருப்பிச் சொல்லும் பதில்தான் 691. மோடம் செத்திருந்தால் இந்தப் பதில் உங்களிடம் வந்தே சேராது. சந்தேகமிருந்தால் மோடத்தின் சுவிட்சை அணைத்துவிட்டு கனெக்ட் கொடுத்துப் பாருங்கள், எரர் 651 வரும். மறுபடி போட்டு, 'பான்' (PON) என்ற பச்சை விளக்கு சிமிட்டாமல் நிலையாக எரிந்தபின் கொடுங்கள், பழையபடி 691 வரும். இதைக் கடைக்காரர் எதிரிலேயே செய்து காட்டுங்கள். அப்புறம் 3,500 பேச்சு வராது.

சரி, சர்வர் ஏன் மறுக்கிறது? போர்டு மாறியதால்தான் என்பது என் கணிப்பு. கம்ப்யூட்டரில் நெட் ஒயரைச் செருகும் லேன் போர்ட் ஒவ்வொன்றுக்கும் தனி எண் உண்டு, மேக் அட்ரஸ் என்பார்கள். உள்ளூர் நெட்காரர்கள் பலர், முதன்முதலில் எந்த மேக் எண்ணிலிருந்து இணைந்தீர்களோ அதையே உங்கள் கணக்கோடு பூட்டிவிடுகிறார்கள். ஒரே கணக்கை இரண்டு வீடுகள் பகிராமல் இருப்பதற்காக. போர்டு மாறினால் இந்த எண்ணும் மாறிவிடும். ரேஷன் கடையில் கார்டு சரியாக இருந்தும் கைரேகை பொருந்தாவிட்டால் அரிசி கிடையாது அல்லவா, அந்தக் கதைதான். திரையிலோ 'பெயர், பாஸ்வேர்டு ஏற்கப்படவில்லை' என்ற பொருளில்தான் வரும், மேக் பற்றி ஒரு வார்த்தை இருக்காது.

எனவே கேபிள்காரரிடம் 'நெட் வரவில்லை' என்று சொல்லாதீர்கள். அதற்கு அவரிடம் தயாராக ஒரு பதில் இருக்கிறது. 'போர்டு மாற்றியிருக்கிறேன், 691 வருகிறது, பழைய மேக்கை ரிலீஸ் பண்ணுங்கள்' என்று இந்த வார்த்தைகளிலேயே சொல்லுங்கள். புது எண் கேட்டால், ஸ்டார்ட் பட்டனில் 'cmd'க்குரிய கறுப்புத் திரையைத் தேடித் திண்டாட வேண்டாம். செட்டிங்ஸில் 'நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட்', அதற்குள் 'ஈதர்நெட்' போனால், 'பிசிக்கல் அட்ரஸ்' என்ற இடத்தில் இரண்டிரண்டாக ஆறு ஜோடி எழுத்தும் எண்ணும் இருக்கும். போனில் படம் பிடித்து அனுப்பிவிடுங்கள். அவர் கணினியில் இது ஒரு நிமிட வேலை. அந்த ஒரு நிமிடத்துக்காக வாடிக்கையாளரை நாள்கணக்கில் அலையவிடுவது எந்த ஊர் நியாயம் என்று எனக்குப் புரிந்ததே இல்லை. இழுத்தடித்தால் நிறுவனத்தின் வாடிக்கையாளர் மையத்தில் புகார் பதிந்து, டாக்கெட் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். எண் இல்லாத புகார் புகாரே இல்லை.

அவரைக் கூப்பிடும் முன் ஒன்றை மட்டும் சரிபாருங்கள். பல நிறுவனங்களில் பயனர் பெயர் வெறும் பெயரோடு முடியாது. பின்னால் @ குறியும் நிறுவனத்தின் சுருக்கப் பெயரும் சேர்ந்தால்தான் முழுப்பெயர். பழைய கம்ப்யூட்டரில் அது ஒருமுறை பதிந்து கிடந்திருக்கும், யாரும் கவனித்திருக்க மாட்டீர்கள். டைரியில் முன்பாதி மட்டும் இருந்தால் போர்டு மாறாவிட்டாலும் 691தான். பாஸ்வேர்டில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறு வேறு. கடைசியில் தெரியாமல் ஓர் இடைவெளி விழுந்தாலும் போச்சு. பெயரை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லி, பார்த்து, ஒவ்வோர் எழுத்தாக அடியுங்கள். வாட்ஸ்அப்பிலிருந்து காப்பி செய்து ஒட்டினால் அந்த இடைவெளியும் கூடவே வந்து ஒட்டிக்கொள்ளும். ரீசார்ஜ் முடிந்திருந்தாலும் இதே எரர் வரலாம், அதையும் கேட்டுவிடுங்கள்.

இதற்குள் யாராவது மோடத்தின் பின்னால் இருக்கும் சின்ன ஓட்டையில் குண்டூசியை விடச் சொல்வார்கள். விடாதீர்கள். அது ரீசெட் பட்டன். நிறுவனம் உள்ளே போட்டுவைத்த செட்டிங்ஸ் முழுக்கப் போய்விடும். அப்போதுதான் உங்கள் மோடம் உண்மையிலேயே வேலை செய்யாது. கூகுளில் தேடிக் கிடைக்கும் 'கஸ்டமர் கேர்' எண்ணையும் கூப்பிடாதீர்கள். எண் உங்கள் ரசீதில் இருக்கிறது. போனில் ஏதாவது ஆப்பை ஏற்றச் சொல்லி, அதில் வரும் எண்ணைக் கேட்டால் உடனே வையுங்கள். உங்கள் திரையை அவன் கையில் கொடுக்கும் வேலை அது. பணம் போய்விட்டால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள்.

விண்டோஸ் 11-க்காகப் போர்டு மாற்றியது பற்றியும் ஒரு வார்த்தை. அதற்கு முந்தைய விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது உண்மைதான். ஆனால் பாதுகாப்புப் புதுப்பிப்புகளை 2026 அக்டோபர் வரை பெற மைக்ரோசாஃப்ட் வழி வைத்திருந்ததை போர்டு விற்பவர் ஏன் சொல்லப்போகிறார்!

இணைப்பு வந்தபின் கேபிள்காரரிடம் இன்னொன்று கேளுங்கள்: பெயரையும் பாஸ்வேர்டையும் மோடத்துக்குள்ளேயே போட்டுத்தர முடியுமா என்று. பெரும்பாலான பைபர் மோடங்களில் முடியும். பிறகு பதிவாவது மோடத்தின் எண், நீங்கள் எத்தனை போர்டு மாற்றினாலும் கவலையில்லை. அப்படிச் செய்தால் கம்ப்யூட்டரில் இருக்கும் பழைய கனெக்‌ஷனை, 'டயல்-அப்' பக்கத்துக்குப் போய் அழித்துவிடுங்கள். பழக்கதோஷத்தில் அதை அழுத்தினால் 651 வரும், மறுபடி கடைக்காரரிடம் ஓடுவீர்கள்.