வயித்துல பட்டாம்பூச்சியா, புளியா?

கேள்வி: இன்டர்வியூக்கு முன்னாடி லேசா படபடன்னு இருந்தா இங்கிலீஷ்ல எப்படி சொல்றது சார்? நான் 'ஐ ஆம் டென்ஸ்டு'ன்னேன், ஃப்ரெண்டு சிரிக்கிறான்.
- ஒரு வாசகர், ஈரோடு

பதில்: நானும் என் முதல் இன்டர்வியூல அதையேதான் சொன்னேன், எதிர்ல இருந்தவரு பேனாவை மூடி வச்சிட்டு சிரிச்சாரு, விடுங்க. 'டென்ஸ்'னு நிறுத்தணும், ஆனா லேசான படபடப்புக்கு அதுகூட கொஞ்சம் ஓவர், 'ஐ ஆம் எ பிட் நெர்வஸ்' போதும். இன்னும் இயல்பா வேணும்னா 'ஐ ஹேவ் பட்டர்ஃப்ளைஸ் இன் மை ஸ்டமக்', அதாவது வயித்துக்குள்ள பட்டாம்பூச்சி பறக்குது. நம்மாளுக்கு அதே வயித்துல புளியைக் கரைக்கும், ஆனா புளின்னா நிஜ பயம், பட்டாம்பூச்சி அவ்ளோ சீரியஸ் இல்ல, மேடை ஏறப்போற குழந்தைக்கும் வரும். காபி ஜாஸ்தியாகி கை நடுங்குற மாதிரி இருந்தா 'ஜிட்டரி'.

ரிசல்ட்டுக்கு காத்துக்கிட்டு தவிக்கிறீங்கன்னா 'ஆன் டென்டர்ஹூக்ஸ்' (on tenterhooks), இது எனக்கு ரொம்பப் பிடிச்சது. அந்தக் காலத்து இங்கிலாந்துல நெசவாளிங்க கம்பளித் துணியை அலசிட்டு, காயும்போது சுருங்காம இருக்க ஒரு மரச்சட்டத்துல இழுத்து கொக்கில மாட்டி வைப்பாங்க, அந்த சட்டம்தான் டென்டர், அதுல மாட்டின துணி மாதிரி விறைச்சுப்போய் நிக்கிறோம்னு அர்த்தம். நிறைய பேரு t-க்கு பதிலா d போட்டு 'tender hooks'னு எழுதுறாங்க, தப்பு. நம்ம 'டென்ஷன்'கூட இழுக்குறதுன்னு பொருள் வர்ற லத்தீன் சொல்லுல இருந்து வந்ததுதான், நாமதான் அதைக் கோபத்துக்கும் சேத்து வச்சுட்டோம், 'அப்பா டென்ஷனாயிட்டாரு'ன்னு!

'கோல்ட் ஃபீட்' மட்டும் சொல்லிடாதீங்க, அது கடைசி நேரத்துல பின்வாங்குறது, வேலை கிடைக்காது.