ஆறு வாரத்துக்கும் ஒரே டிக்கெட் போடுங்கள்

வணக்கம். தஞ்சாவூர் ஓவிய வகுப்பின் ஆறு சனிக்கிழமைகளையும் வூகாமர்ஸில் (வலைத்தளத்தில் கடை நடத்த உதவும் மென்பொருள்) ஆறு தனி டிக்கெட்டாகப் போட்டதால், மூன்றாம் வாரத்தை மட்டும் சிலர் வாங்கிவிட்டார்கள் என்று எழுதியிருந்தீர்கள். அவர்கள் வந்து என்ன செய்வார்கள்? பலகையில் துணி ஒட்டி, பூசிக் காயவைத்தது முதல் இரண்டு வாரங்களில். மூன்றாம் வாரம் கல் பதிக்கும்போது அவர்கள் கையில் பலகையே இருக்காது, பாவம்.

ஆறையும் எடுத்துவிட்டு, 'வேரியபிள் ப்ராடக்ட்' (உள்ளே பல தெரிவுகள் கொண்ட ஒரே பொருள்) ஒன்றை மட்டும் உருவாக்குங்கள். காலை, மாலை பேட்ச் இரண்டும் அதன் வேரியேஷன்கள், அதாவது தெரிவுகள். விலை முழுத் தொடருக்கும். ஆறு தேதிகளையும் விவரத்தில் எழுதினால் போதும். ஸ்டாக் எண்ணிக்கையை, அதாவது விற்கும் இடங்களின் எண்ணிக்கையை, ஒவ்வொரு வேரியேஷனிலும் தனித்தனியாகக் கொடுங்கள். மேலே ப்ராடக்டில் மட்டும் கொடுத்தால் இரண்டு பேட்சும் ஒரே எண்ணிக்கையைப் பங்குபோடும். காலையில் பதினைந்து பேர் வந்து நிற்பார்கள்.

ஒரு பேட்சுக்குப் பன்னிரண்டு இடம் என்றீர்கள். பத்தை மட்டும் விற்பனைக்கு வையுங்கள். ஒரு வாரம் தவறவிட்டவர் அடுத்த பேட்சில் வந்து உட்கார அந்த இரண்டு இடம் கட்டாயம் வேண்டும். எங்கள் வகுப்பில் இதை முதலில் யோசிக்காமல், ஒரு அம்மாவை வாசலோடு திருப்பி அனுப்ப நேர்ந்தது. இன்னும் மனசு கேட்கவில்லை.

அப்புறம், இன்வென்டரி அமைப்பில் 'ஹோல்ட் ஸ்டாக்' 60 நிமிடம் என்றிருக்கும். பணம் கட்டாமல் பாதியில் விட்டவர்கள் அவ்வளவு நேரம் இடத்தைப் பிடித்து வைப்பார்கள். 15 ஆக்குங்கள்.

வருகைக்கு ஆறு க்யூஆர் வேண்டாம். ஆர்டர் எண், பக்கத்தில் ஆறு கட்டம், ஒரு தாள். மூன்றாம் வாரம் மட்டும் வாங்கியவர்களுக்கு இன்றே போன் செய்து பணத்தைத் திருப்பிவிடுங்கள்.