ஒரே கட்சிக்காரர்கள் இப்படித் தாக்கிக்கொண்ட பிறகு எப்படி ஒன்றாக வேலை செய்கிறார்கள்?

2019 ஜூனில் ஜனநாயகக் கட்சி அதிபர் வேட்பாளர் போட்டியாளர்களின் மயாமி விவாத மேடையில் கமலா ஹாரிஸ் ஜோ பைடனைத் திணறடித்ததையும், அடுத்த ஆண்டே பைடன் அவரைத் துணை அதிபர் வேட்பாளராக்கியதையும் பார்த்துவிட்டு இப்படிக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். பலர் அதை நாடகம் என்றார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பள்ளிகளில் இனப் பிரிவினையை நீக்கப் பிள்ளைகளைப் பேருந்தில் வேறு பகுதிகளுக்கு அனுப்பிய திட்டத்தைப் பைடன் 1970களில் எதிர்த்தது பதிவில் இருக்கிறது. ஹாரிஸ் அதை முகத்துக்கு நேரே கேட்டார். பைடனுக்கு அங்கேயே பதில் சொல்ல வாய்ப்பும் இருந்தது. 1980இல் ரீகனின் பொருளாதாரத் திட்டத்தை மாந்திரீகம் என்று சாடிய மூத்த புஷ், அதே ஆண்டு ரீகனுக்குத் துணை அதிபர் வேட்பாளரானார். 2008இல் ‘அதிகாலை மூன்று மணிக்கு வெள்ளை மாளிகையில் தொலைபேசி அடித்தால் யார் எடுக்க வேண்டும்?’ என்று விளம்பரம் போட்டு ஒபாமாவின் அனுபவமின்மையைக் குத்திக்காட்டிய ஹிலாரி, பிறகு அவருடைய வெளியுறவு அமைச்சர். நேருக்கு நேர் விழுந்த அடி ஆறிவிடுகிறது.

ஆறாத அடி வேறு வகை. அதை 2000 பிப்ரவரியில் தென் கரோலினாவில் பார்த்தேன். அப்போது கிரீன்வில் பக்கம் நெசவு இயந்திரப் பராமரிப்பு வேலையில் இருந்தேன். குடியுரிமை கிடைத்த பிறகு வந்த முதல் அதிபர் தேர்தல். உடனே ‘நீ குடியரசுக் கட்சிக்காரனா?’ என்று சண்டைக்கு வருபவர்களுக்கு: அந்த மாநிலத்தில் வாக்காளர் பதிவில் கட்சிப் பெயரே கிடையாது, கட்சியின் அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் அந்த உட்கட்சித் தேர்தலில் யாரும் வாக்களிக்கலாம். வியட்நாமில் ஐந்தரை ஆண்டு போர்க்கைதியாக இருந்தவர் என்பதால், குடியரசுக் கட்சியில் அதிபர் வேட்பாளராகப் போட்டியிட்ட ஜான் மெக்கெய்ன் மீது எனக்கு மதிப்பு இருந்தது. அவருடைய எல்லாக் கொள்கைகளுக்கும் நான் வக்காலத்து வாங்கவில்லை.

பிப்ரவரி 1ஆம் தேதி நியூ ஹாம்ப்ஷயரில் மெக்கெய்ன் 18 புள்ளிகள் வித்தியாசத்தில், மூத்த புஷ்ஷின் மகன் ஜார்ஜ் டபிள்யூ. புஷ்ஷைத் தோற்கடித்தார். தென் கரோலினா வாக்குப்பதிவு 19ஆம் தேதி. இடையில் இருந்த நாட்களில் அந்த மாநிலமே நாறியது. கருத்துக்கணிப்பு என்ற பெயரில் வீடுகளுக்குத் தொலைபேசி அழைப்புகள் போயின. மெக்கெய்னுக்கு முறைகேடாகப் பிறந்த கறுப்பினக் குழந்தை இருப்பது தெரிந்தால் அவருக்கு வாக்களிப்பீர்களா என்று கேட்டதாகச் செய்திகள் வந்தன.

எனக்குக் கிடைத்தது தாள். மளிகைக் கடைக்குப் போய்விட்டுத் திரும்பியபோது கார்க் கண்ணாடியின் துடைப்பானில் செருகியிருந்தது. மெக்கெய்ன் குடும்பப் புகைப்படத்தின் மட்டமான நகல். நகல் எடுத்ததில் மற்றவர்கள் முகமெல்லாம் வெளிறிப்போய்க் கண்ணும் வாயும் மட்டும் தெரிந்தன. ஒரு சிறுமியின் முகம் மட்டும் மசி அப்பியதுபோல ஒரே கறுப்பு. அந்த முகத்தைச் சுற்றிப் பேனாவால் ஒரு வட்டம். அச்சிட்டவர் பெயரோ முகவரியோ எங்கும் இல்லை. ஊரில் மொட்டைக் கடுதாசி என்போமே, அதேதான்.

அந்தச் சிறுமி வங்கதேசத்தில் பிறந்தவள். 1991இல் டாக்காவில் அன்னை தெரசாவின் சபை நடத்திய அனாதை இல்லத்திலிருந்து மெக்கெய்னின் மனைவி சிண்டி சிகிச்சைக்காக அழைத்து வந்து, பிறகு தம்பதியர் தத்தெடுத்த குழந்தை. எட்டு வயது. என் மகளுக்கும் அப்போது அதே வயது, அதே நிறம். பின்னிருக்கையிலிருந்து எட்டிப் பார்த்தவள், “அப்பா, இந்தப் பெண்ணை ஏன் சுழித்திருக்கிறார்கள்?” என்று கேட்டாள். காணாமல் போன குழந்தை என்று நினைத்துக்கொண்டாள். நான் தாளை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டேன். அன்று முழுவதும் எனக்குக் கை நடுங்கியது.

அந்த வாரம் நம்மவர்கள் கூடிய ஒரு விருந்தில் இதைச் சொன்னேன். “வெள்ளைக்காரன் சண்டை, நமக்கென்ன?” என்றார் ஒருவர். இன்னொருவர் சிரித்தார். அங்கே இருந்தவர்களில் பாதிப் பேர் மகனுக்கு வரன் தேடும்போது ‘நல்ல சிவந்த நிறம்’ என்று எழுதுபவர்கள். என் மகளை முகத்துக்கு எதிரிலேயே ‘களையான முகம், நிறம்தான் கொஞ்சம் மட்டு’ என்று சொன்னவர்கள். கேள்விக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று தெரியும், ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஒரு குழந்தையின் நிறத்தை ஊர் முழுக்க இழிவுபடுத்துகிறார்கள், அதில் தங்களுக்கும் பங்கு உண்டென்று உணராத கூட்டத்தோடு எனக்குப் பிறகு ஒட்டவே இல்லை.

இதைப் புஷ்தான் செய்தார் என்று நான் சொல்லவில்லை. அவர் தரப்பு மறுத்தது, யார் என்று நிரூபிக்கப்படவும் இல்லை. மெக்கெய்னும் சும்மா இருக்கவில்லை. புஷ் அப்போதைய அதிபர் கிளிண்டனைப் போல உண்மையைத் திரிப்பதாக அவர் விளம்பரம் போட்டார், பிறகு நிறுத்தினார். அதற்காக இரண்டும் ஒன்று என்பவர்களோடு எனக்கு வாதாட விருப்பமில்லை. அந்த விளம்பரத்தில் பெயர் இருந்தது, கோபப்பட்டால் யார் மேல் கோபப்படுவது என்று தெரிந்தது.

தென் கரோலினாவில் புஷ் 53, மெக்கெய்ன் 42 சதவீதம். மார்ச்சில் மெக்கெய்ன் போட்டியிலிருந்து விலகினார். மே மாதம் பிட்ஸ்பர்க்கில் புஷ்ஷுக்கு ஆதரவு தெரிவித்தார், ஆனால் ‘ஆதரிக்கிறேன்’ என்ற சொல்லே நிருபர்கள் கேட்ட பிறகுதான் வந்தது. கட்சி ஒன்று சேர்ந்தது, வென்றது. அந்த மகளோ, நடந்ததைப் பல ஆண்டுகள் கழித்து இணையத்தில் தன் பெயரைத் தேடியபோதுதான் அறிந்துகொண்டாள். நீங்கள் கேட்கும் ‘ஒன்று சேர்வது’ என்ற கணக்கில் அவளுக்கு இடமில்லை.

2002இல் மெக்கெய்ன், ஃபைன்கோல்ட் என்ற இரு செனட்டர்களின் பெயரால் அறியப்படும் தேர்தல் நிதிச் சட்டத்தில் புஷ்ஷே கையெழுத்திட்டார். அமெரிக்கத் தொலைக்காட்சி விளம்பரங்களில் ‘இந்தச் செய்திக்கு நான் ஒப்புதல் அளித்தேன்’ என்று வேட்பாளர் தன் குரலில் சொல்வது அந்தச் சட்டத்தால் வந்ததுதான். துடைப்பானில் யாரோ செருகிவிட்டுப் போகும் தாளை அது தடுக்காது. வாட்ஸ்அப்பில் ஊர் பேர் இல்லாமல் வரும் படத்தையும் தடுக்காது. அப்படி ஏதாவது வந்தால், எனக்குப் பிடிக்காத வேட்பாளரைப் பற்றியதாக இருந்தாலும், “இதை எழுதியது யார்?” என்று கேட்கிறேன். சில குழுக்களிலிருந்து என்னை நீக்கிவிட்டார்கள். மற்ற குழுக்களில் இன்னமும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.