பெட்டியை எப்போது தட்டலாம்?

*கல் உடைக்கும் கிரஷரின் சுத்தியலை 27 சதவீத குரோமியம் கலந்த இரும்பில் வார்க்கிறோம். மறுநாள் தலைமுடி மாதிரி விரிசல் தெரிகிறது. ஏன்?* (தக்கலை)

ஊற்றி எத்தனை மணி நேரம் கழித்து மணல் அச்சுப் பெட்டியைத் தட்டி வார்ப்பை எடுத்தீர்கள் என்பதை எழுதவில்லையே! உள்ளே செக்கச்செவேல் என்று இருக்கும்போதே மணலை விலக்கினால் மேல்தோல் முந்திச் சுருங்கும், உள்ளே இருப்பது விட்டுக்கொடுக்காது. சாதா இரும்பு கொஞ்சம் தாங்கும், இது தாங்காது. கனமான வார்ப்பு 200 டிகிரிக்குக் கீழே இறங்கும்வரை மணலுக்குள்ளேயே கிடக்கட்டும். ராத்திரி ஊற்றினால் காலையில் எடுத்துவிடலாம் என்பது மெல்லிசான துண்டுக்குச் சரி, நாலு அங்குலக் கனத்துக்கு ஆகாது. அவசர ஆர்டர் என்று நானும் ஒரு தடவை முந்திக்கொண்டேன்; ஒரு பெட்டி முழுக்கத் திரும்ப உலைக்கே போனது.

மெதுவாக ஆறினால் பெர்லைட் (இரும்பின் கடினம் குறைந்த உள்ளமைப்பு) ஆகி மிருதுவாகிவிடுமே என்பீர்கள். ஆகட்டும். அதை உலையில் வைத்துத் திரும்பக் கடினமாக்கலாம், விரிசலை என்ன செய்வது?

*கடினமாக்க உலையில் 1000 டிகிரியில் 4 மணி நேரம் வைத்து எடுத்தோம். கடினம் சிலதில் 60 ராக்வெல், சிலதில் 48. ஏன்?* (நாகர்கோவில்)

எடுத்ததும் குவியலாகப் போட்டிருப்பீர்கள். நடுவில் மாட்டியது மெதுவாக ஆறிப் பெர்லைட் ஆகியிருக்கும். இங்கேதான் வேகம் வேண்டும். தனித்தனியாகப் பரப்பி, 550 டிகிரி வரை ஃபேன் காற்றில் இறக்குங்கள். அப்புறம் ஃபேனை நிறுத்திவிட்டுத் தானாக ஆற விடுங்கள். தண்ணீர் பக்கம் போகவே வேண்டாம். ஆறியதும் 200 முதல் 230 டிகிரியில் டெம்பரிங் (உள்ளிறுக்கம் தளர மறுபடி லேசாகச் சூடாக்குவது) செய்யுங்கள். கனம் கூடிய துண்டுக்கு, உருக்கும்போதே கொஞ்சம் மாலிப்டினம் உலோகமும் சேர்த்தால் காற்றே போதும்.

*ஆரல்வாய்மொழிக் காற்று இருக்கும்போது ஃபேன் எதற்கு?* (ஆரல்வாய்மொழி)

காற்றாலை சுற்ற அது போதும்! ஆனால் ஒரு பக்கமாகவே அடிக்கும். அந்தப் பக்கம் முந்தி ஆறி, துண்டு கோணும் அல்லது வெடிக்கும். மறைப்பு கட்டுங்கள். ஐப்பசி மழையில் கூரை ஒழுகினால் இன்னும் மோசம். சூடான வார்ப்பின்மேல் ஒரு சொட்டு போதும்.

*வார்ப்பு கனமான இடத்தில் அச்சுக்குச் சிர்கான் மணல் போடலாமா?* (மணவாளக்குறிச்சி)

தாராளமாக. சிலிக்கா மணலைவிட வேகமாகச் சூட்டை இழுக்கும், விரிவும் குறைவு. விலை அதிகம், அதனால் வார்ப்பைத் தொடும் அடுக்குக்கு மட்டும் போடுங்கள். ஆனால் பிரித்தெடுத்த சிர்கானாக வாங்குங்கள். உங்கள் ஊர்க் கரை மணலில் இல்மனைட், கார்னெட், கதிர்வீச்சுள்ள மோனசைட் எல்லாம் கலந்து கிடக்கிறது, அதை அள்ளி அச்சு போடக் கூடாது.