பலகை அப்புறம், முதலில் சம்மனைப் பாருங்கள்

"நீதிமன்றத்துக்கு முதல் தடவை வருகிறவர்கள் அலையாமல் இருக்க எங்கெங்கே பலகை வைக்கலாம்?" என்று கேட்டிருக்கிறீர்கள். கட்டடப் பொறுப்பு உங்கள் தலையில் விழுந்திருக்கிறது என்றே வைத்துக்கொள்கிறேன்.

பலகைக்கு ஆர்டர் கொடுக்கும் முன் ஒரு சம்மனைக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலிருந்து நடந்து பாருங்கள். சம்மனில் 'மூன்றாவது கூடுதல் நீதிமன்றம்' என்றிருக்கும். கீழ்த்தளப் பலகையில் நீதிபதி பெயர் இருக்கும். கதவில் வெறும் 214. மூன்றும் ஒன்றுதான் என்பது குமாஸ்தாவுக்குத் தெரியும், வந்தவருக்கு? நீதிபதி மாறுவார், நீதிமன்றத்தின் பெயரும் மாறலாம், அறை நகராது. அதனால் சம்மன், வழக்குப் பட்டியல், கதவு மூன்றிலும் அறை எண்ணையே பெரிதாகப் போடுங்கள். முதல் இலக்கம் தளத்தைக் குறிக்கட்டும்.

வக்கீல்தான் கூட வருவாரே என்று யாராவது சொல்வார்கள். சாட்சி சொல்ல வந்தவருக்கு ஏது வக்கீல்?

இனி பலகை. அறை எண்ணைக் கதவில் ஒட்டினால் நேரே போய் நின்றால்தான் தெரியும். தாழ்வாரத்தில் நடந்து வருகிறவர் கண்ணில் பட, சுவரிலிருந்து குறுக்கே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். 25 மி.மீ. எழுத்து சுமார் 7 மீட்டர் வரை படிக்க வரும் என்பது பழக்கத்தில் உள்ள கணக்கு. அது ஆங்கிலப் பெரிய எழுத்துக்கு. கொம்பும் சுழியும் புள்ளியும் உள்ள தமிழுக்குக் கூட்டித்தான் வைக்க வேண்டும். பளபளக்கும் தகடு வேண்டாம், ஜன்னல் வெளிச்சத்தில் ஒன்றும் தெரியாது. வரைபடம் வைத்தால், பார்ப்பவருக்கு முன்னால் இருப்பது படத்தில் மேலே வர வேண்டும். ஒரே படத்தை அச்சடித்து எல்லாச் சுவரிலும் மாட்டுவதால்தான் பாதிப்பேர் எதிர்த்திசையில் போகிறார்கள்.

எங்கே வைப்பது என்பதை நீங்கள் முடிவு செய்யாதீர்கள். கட்டடத்தைப் பார்த்தே இராத ஐந்து பேரிடம் சம்மனைக் கொடுத்து, வாய் திறக்காமல் பின்னால் போங்கள். அவர்கள் தயங்கி நிற்கும் இடம், திரும்பி வரும் இடம், யாரையாவது கேட்கும் இடம்: அங்கேதான் பலகை.

நீதிபதி விடுப்பில் போய் வழக்கு வேறு அறைக்கு மாறும் நாளில் இத்தனையும் பொய்யாகிவிடும். வாசல் பட்டியலையும் பழைய அறைக் கதவையும் யார் திருத்துவது, எத்தனை மணிக்குள் என்று ஒருவரிடம் பொறுப்பைக் கொடுத்துவிடுங்கள்.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்கிறேன்: வழக்குப் பட்டியலை அச்செடுத்து, ஸ்கேன் செய்து, கோணலான படமாக இணையத்தில் ஏற்றுகிறார்களே, அதில் போனில் பெயரைத் தேடவே முடியாது. தட்டச்சு செய்த கோப்பு அதே கணினியில்தானே இருக்கிறது?