கறுப்பின ஐடி மாநாடுகள்: எதற்குப் போவது, எப்படித் தயாராவது?

கேள்வி: அமெரிக்காவில் எஃப்-1 மாணவர் விசாவில் எம்.எஸ். படிக்கிறேன். கூடப் படிக்கும் கறுப்பின நண்பர் தங்கள் சமூகத்து ஐடி மாநாட்டுக்குக் கூப்பிடுகிறார். இப்படி என்னென்ன நடக்கின்றன? நானும் போகலாமா? வேலை கிடைக்குமா?

பதில்: தாராளமாகப் போகலாம். இந்தச் சங்கங்களில் பெரியவையான, பொறியாளர்களுக்கான நெஸ்பி, கணினித் துறையினருக்கான பிடிபிஏ இரண்டிலும் சேர இன வரம்பு இல்லை. ஆனால் நீங்கள் விருந்தாளி என்பது நினைவிருக்கட்டும். 2023இல் ஆர்லாண்டோவில், கணினித் துறைப் பெண்களுக்கான கிரேஸ் ஹாப்பர் மாநாட்டில் ஆண்கள் கூட்டமாக நுழைந்து வேலைச் சந்தை வரிசைகளை அடைத்துக்கொண்டார்கள். பதிவில் பாலினத்தையே மாற்றிச் சொன்னவர்கள் உண்டு என்று நடத்தியவர்கள் மேடையிலேயே வருத்தப்பட்டார்கள். அந்த வேலையை இங்கே செய்யாதீர்கள்.

எது யாருக்கு? நெஸ்பி என்பது தேசியக் கறுப்பினப் பொறியாளர் சங்கம். ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். 1975இல் பர்டூ பல்கலைக்கழகத்தில் கூடிய முதல் மாநாட்டுக்கு 32 கல்லூரிகளிலிருந்து 48 பேர் வந்தார்கள். இன்று ஆயிரக்கணக்கில் வருகிறார்கள். பெரும்பாலும் மார்ச் மாதத்தில் நடக்கும். மாணவருக்கு முதல் தேர்வு இதுதான். ஆஃப்ரோடெக் 2016இல் தொடங்கியது, நடத்துவது பிளாவிட்டி என்ற ஊடக நிறுவனம், பெரும்பாலும் நவம்பரில் வரும், 2024இல் ஹூஸ்டனில் நடந்தது. ஸ்டார்ட்அப், முதலீடு, ப்ராடக்ட் ஆட்களின் கூட்டம் அது; ஏற்கெனவே வேலையில் இருப்பவருக்கே அதிகம் பயன்படும். பிப்ரவரியில் பால்டிமோர் பக்கம் நடக்கும் கறுப்பினப் பொறியாளர் விருது மாநாடு 1987 முதல் இருக்கிறது. அங்கே கடை விரிப்பவர்களில் ராணுவத் தளவாட நிறுவனங்களும் அரசுத் துறைகளும் அதிகம். அந்த வேலைகளில் பெரும்பாலானவற்றுக்கு அமெரிக்கக் குடியுரிமை வேண்டும். எஃப்-1இல் இருப்பவர் அங்கே வேலை தேடிப் போவது பணவிரயம்.

வேலைச் சந்தையில் ஒரு ரகசியம் உண்டு. கையில் ரெசுமே கட்டோடு போய் வரிசையில் நிற்பவர்கள் பெரும்பாலும் வெறுங்கையோடுதான் திரும்புவார்கள். நிறுவனங்கள் பல வாரங்களுக்கு முன்பே மாநாட்டின் ரெசுமே தளத்தில் ஆட்களைத் தேடி, நேர்காணல் இடங்களில் பலவற்றை நிரப்பிவிட்டுத்தான் வருகின்றன. ஆகவே குறைந்தது ஆறு வாரம் முன்பே பதிவு செய்து ரெசுமேயை ஏற்றிவிடுங்கள். அது ஒரே நெடுவரிசையில் (காலம்), படமோ கட்டமோ இல்லாத பிடிஎஃப் ஆக இருக்கட்டும். இரண்டு நெடுவரிசை வடிவமைப்பை மென்பொருள் குறுக்காக வாசித்து, படிப்பையும் வேலையையும் ஒன்றாகக் கலந்துவிடலாம். பிறகு தேடலில் உங்கள் பெயரே வராமல் போகலாம்.

அடுத்து, குறிவைத்த எட்டுப் பத்து நிறுவனங்களின் தளத்தில் முன்கூட்டியே விண்ணப்பித்து, அந்த வேலை எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். மேசைக்குப் போனதும் ‘இந்த எண்ணுக்கு விண்ணப்பித்திருக்கிறேன்’ என்றால், ரிக்ரூட்டர் உங்கள் பதிவை அங்கேயே திறந்து பார்க்க வழி உண்டு. ‘உங்கள் கம்பெனியில் என்ன வாய்ப்பு இருக்கிறது?’ என்று கேட்டால் பேட்ஜை ஸ்கேன் செய்துவிட்டு இணையதள முகவரியைத் தருவார், அத்தோடு சரி. எஃப்-1 விஷயத்தையும் வரிசையில் நிற்பதற்கு முன்பே முடித்துக்கொள்ளுங்கள். படிப்பு முடிந்ததும் வேலை பார்க்க எஃப்-1 மாணவருக்குத் தரும் அனுமதி ஓபிடி. அறிவியல், தொழில்நுட்பப் படிப்புகளுக்கு (ஸ்டெம்) அதில் கிடைக்கும் 24 மாத நீட்டிப்புக்கு, ஊழியரின் வேலைத் தகுதியை அரசிடம் சரிபார்க்கும் இ-வெரிஃபை அமைப்பில் முதலாளி இருந்தாக வேண்டும். பங்கேற்கும் நிறுவனங்களில் அதில் இல்லாதவற்றை வீட்டிலேயே பட்டியலிலிருந்து அடித்துவிடலாம். பேச்சு சூடு பிடித்தால் அன்று மாலையோ மறுநாள் காலையோ நேர்காணல் வைப்பார்கள். சந்தையின் கடைசி நாள் மதியமே விமானம் பிடித்தவர்கள் இந்த இடத்தில்தான் கோட்டை விடுகிறார்கள். கடைசி நாள் மதியத்துக்கு மேல் மேசைகள் காலியாகத் தொடங்கும் என்பதையும் மறக்க வேண்டாம். முக்கியமான இடங்களுக்கு முதல் நாளே போய்விடுங்கள்.

இதையெல்லாம்விட எனக்கு உயர்வாகத் தெரிவது பிடிபிஏ, அதாவது பிளாக் டேட்டா ப்ராசஸிங் அசோசியேட்ஸ். 1975இல் பிலடெல்பியாவில் ஏர்ல் பேஸ், டேவிட் விம்பர்லி இருவரும் தொடங்கியது. பெயரில் உள்ள ‘டேட்டா ப்ராசஸிங்’ அந்தக் காலத்தில் இந்தத் துறைக்கே பெயர். கணினிப் பிரிவுகளில் கறுப்பினத்தவரை எடுப்பதே குறைவு, எடுத்தாலும் மேலாளர் நாற்காலிவரை விடுவதில்லை, அதற்காகத்தான் கூடினார்கள். ஆண்டு மாநாடு உண்டு என்றாலும் இதன் உயிர் ஊர்க் கிளைகளில் இருக்கிறது. வாஷிங்டன் கிளையின் ஜெஸ்ஸி பெம்லி 1986இல் தொடங்கிய பள்ளி மாணவர் கணினிப் போட்டி இன்றும் இதன் மகுடம். கிளைத் தொண்டர்கள் பள்ளிப் பிள்ளைகளுக்கு வெப் நிரலாக்கமும் டேட்டாபேஸும் சொல்லிக்கொடுத்து, ஐந்து பேர் வரையிலான அணியைத் தேசியப் போட்டிக்கு அனுப்புவார்கள். நண்பரின் ஊரில் கிளை இருந்தால் அங்கே டேட்டாபேஸ் மொழியான எஸ்க்யூஎல் கற்றுத்தரப் போங்கள். பக்கத்தில் உட்கார்ந்து பிழை திருத்துபவர் ஒரு வங்கியின் ஐடி மேலாளராக இருக்கலாம். வரிசையில் கிடைக்கும் இரண்டு நிமிடப் பேச்சை நாலு மாதப் பழக்கத்தோடு ஒப்பிட முடியுமா, என்ன?

பழைய பட்டியல்களை நம்பிக் கிளம்பிவிடாதீர்கள். 2025 ஜனவரியில் பன்முகத்தன்மைத் திட்டங்களுக்கு எதிராக அதிபரின் ஆணைகள் வந்தன. அடுத்த மாதமே ராணுவம் பால்டிமோர் மாநாட்டுக்கு ஆள்சேர்ப்பவர்களை அனுப்பாமல் விலகிக்கொண்டது. பங்கேற்கும் நிறுவனங்களின் இந்த ஆண்டுப் பட்டியலைப் பார்த்த பிறகு டிக்கெட் எடுங்கள்.

ஆராய்ச்சிப் பக்கம் போகிறவர் என்றால் பிளாக் இன் ஏஐ, செயற்கை நுண்ணறிவுத் துறைக் கறுப்பின ஆய்வாளர்களின் அமைப்பு. டிம்னிட் கெப்ரு, ரெடியட் அபெபே தொடங்கியது. முதல் பயிலரங்கு 2017இல் லாங் பீச்சில். மறு ஆண்டு மான்ட்ரியலில் நடந்தபோது ஆப்பிரிக்காவிலிருந்து வரவிருந்த பலருக்குக் கனடா விசா மறுத்தது. 2020இல் ஐசிஎல்ஆர் என்ற பெரிய செயற்கை நுண்ணறிவு மாநாட்டை எத்தியோப்பியாவின் அடிஸ் அபாபாவுக்குக் கொண்டுபோகத் திட்டமிட்டதற்கு இந்தப் புழுக்கமும் ஒரு காரணம். கொரோனாவால் அது இணையத்தில் முடிந்தது, 2023இல் ருவாண்டாவின் கிகாலியில் கூடியது. பயிலரங்கு கனடாவில் வந்தால் விசா தொல்லை உங்களுக்கும் உண்டு. முதலில் கனடா விசா வேண்டும். திரும்பும்போது பாஸ்போர்ட்டில் உள்ள எஃப்-1 முத்திரை காலாவதியாகியிருந்தாலும், செல்லுபடியாகும் ஐ-94 (அமெரிக்க நுழைவுப் பதிவு), கல்லூரி கையெழுத்திட்ட ஐ-20 (மாணவர் தகுதிச் சான்று) இரண்டும் இருந்தால் 30 நாளுக்குள் பொதுவாக உள்ளே வர முடியும். அங்கே போய்ப் புது அமெரிக்க விசாவுக்கு விண்ணப்பித்துவிட்டால் இந்தச் சலுகை போய்விடும். கிளம்பும் முன் ஐ-20ஐ எடுத்துக்கொண்டு சர்வதேச மாணவர் அலுவலகத்துக்கு ஒரு நடை போய் வந்துவிடுங்கள்.