“தொடவில்லையே” என்ற பதில் வேதத்தின்முன் நிற்குமா?

கேள்வி: எங்களுக்குத் திருமணமாகிப் பதினோரு ஆண்டுகள் ஆகின்றன. என் கணவர் உடன் பணிபுரியும் ஒரு பெண்ணோடு மாதக்கணக்கில் வாட்ஸ்அப்பில் அந்தரங்கமாகப் பேசிவந்தது தெரியவந்தது. தொடவில்லை, ஆகவே இது விபசாரம் ஆகாது என்கிறார். தள்ளிவிடுதலை, அதாவது மணமுறிவை, கர்த்தர் வெறுக்கிறார் என்ற வசனத்தைக் காட்டிச் சபைப் பெரியவர்கள் என்னைப் பொறுத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். வேதம் சொல்வது என்ன?

பதில்: சகோதரி, அந்த வசனத்திலிருந்தே தொடங்குகிறேன், அது சொல்லப்பட வேண்டியவரிடம் சொல்லப்படாமல் உங்கள்மீது சுமத்தப்பட்டிருக்கிறது. மல்கியா 2ஆம் அதிகாரத்தில் தீர்க்கதரிசி கடிந்துகொள்வது, இளவயதில் மணந்த மனைவியை வஞ்சித்துவிட்டு, பலிபீடத்தின்முன் அழுது, தங்கள் காணிக்கையைக் கர்த்தர் ஏன் ஏற்கவில்லை என்று கேட்ட யூதாவின் ஆண்களைத்தான். துரோகம் என்று நாம் வாசிக்கிற எபிரெயச் சொல் ‘பாகத்’. 10 முதல் 16 வரையுள்ள ஏழு வசனங்களுக்குள் அது ஐந்து முறை வருகிறது. மனைவியை ‘உன் தோழி’ என்றும் ‘உன் உடன்படிக்கையின் மனைவி’ என்றும் அழைக்கிற அப்பகுதி, அந்த உடன்படிக்கைக்குக் கர்த்தரே சாட்சி என்கிறது. எனவே, உங்களுக்கு உரிய மனநெருக்கத்தை மறைவில் இன்னொருத்திக்குக் கொடுத்தது, உடல் தொடாத நிலையிலும் துரோகமே என்று நான் தயக்கமின்றிச் சொல்வேன்.

லேவியராகமம் 20:10 பிறன் மனைவியோடு செய்யும் செயலைத் தண்டித்தது; இயேசுவோ மத்தேயு 5:28இல் அந்த எல்லையைப் பார்வைக்கும் இருதயத்துக்கும் நகர்த்தினார். அங்கே அவர் பொறுப்பைப் பார்க்கிறவன்மீதே வைக்கிறார், பார்க்கப்படுகிற பெண்மீது அல்ல என்பதையும் கவனியுங்கள். ஆயினும் இதை வைத்து உடனே மணமுறிவுக்கு அனுமதி உண்டு என்று நான் சொல்லமாட்டேன். மத்தேயு 19:9இல் விதிவிலக்காகக் கூறப்படுவது ‘போர்னேயா’ என்ற கிரேக்கச் சொல் குறிக்கும் தகாத உறவு; கத்தோலிக்கத் திருச்சபையோ அதையும்கூட மறுமணத்துக்கான அனுமதியாக ஏற்பதில்லை.

கணவன் அடிமைப் பெண்களிடம் போவதைக் குற்றமாகக் கருதாத ரோம உலகில், கொரிந்து சபைக்கு எழுதிய பவுல், மனைவியின் சரீரத்துக்குக் கணவன் அதிகாரி என்பதோடு நிறுத்தாமல், கணவனின் சரீரத்துக்கு மனைவியே அதிகாரி என்றும் எழுதினார் (1 கொரிந்தியர் 7:4). ஆகவே அவரிடம் கணக்குக் கேட்பது உங்கள் உரிமை; அதைக் கீழ்ப்படியாமை என்று யாரும் சொல்லலாகாது.

மத்தேயு 18:15 காட்டும் வழியில் முதலில் தனிமையில் அவரிடம் பேசுங்கள். கேட்கவில்லையெனில் நம்பகமான ஓரிருவரோடு பேசுங்கள். உறவினர் கூட்டத்தைக் கூட்டவேண்டாம். லூக்கா 17:3 கடிந்துகொள்ளுதலையும் மனந்திரும்புதலையும் சொன்ன பிறகே மன்னிப்பைச் சொல்கிறது. மன்னிப்பை நீங்கள் ஒரே நாளில் கொடுக்கலாம். நம்பிக்கையை அவர்தான் மாதக்கணக்கில் மீட்டுக்கொடுக்க வேண்டும். அந்தப் பேச்சை முற்றிலும் நிறுத்துவதும், கைபேசியை மறைக்காதிருப்பதும், இயன்றால் பணிப்பிரிவை மாற்றிக்கொள்வதும் மனந்திரும்புதலின் கனிகள். மிரட்டலோ அடியோ இருந்தால் இவை எதற்கும் காத்திராமல் முதலில் பாதுகாப்பான இடத்துக்குச் செல்லுங்கள்.

பெரியவர்கள் மறுபடி வரும்போது, மல்கியா 2:13 தொடங்கி 16 வரை முழுவதையும் உங்கள் கணவரின் முன்னிலையில் உரக்க வாசிக்கும்படி கேளுங்கள்.